எதிரெடை

பெர்கனில் மழை நின்றால்தான் பேச்சு.
பெய்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

கலைக்கூடத்து லிஃப்ட்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
யாருமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
ரிலே கருகியிருந்தது.
புதியதை எடுத்துவர எய்விந் வேனில் போனான்.
நாற்பது நிமிஷம் என்றான்.
அவனுடைய நாற்பது எனக்குத் தெரியும்.

முன்கூடத்துச் சுவரில் ஒரு படம் ஓடியது.
ஏழு நிமிஷம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.
பார்ப்பதற்கென்று உட்காரவில்லை,
காய்ந்த பெஞ்சு அது ஒன்றுதான்.

ஃபெரியில் கார்கள் நிற்கும் தளம், காலியாக.
மஞ்சள் கோடுகள், சங்கிலி, எண்ணெய்க் கறை.
மழைக்கோட்டு போட்ட ஒருவர், அறுபது வயதிருக்கும்,
மூன்றாம் வரிசையில் கோட்டுக்குள் கச்சிதமாகப்
படுத்துக்கொள்கிறார்,
சாவியைப் பிடுங்கிய கார் மாதிரி.

சிரித்துவிட்டேன்.
டிக்கெட் மேசைப் பெண் தலை தூக்கினாள்.
இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒருத்தி வருகிறாள், வெறுங்காலோடு.
பிப்ரவரியில் அந்த இரும்புத் தளத்தில்
கையுறை கழற்றி நட்டு பொறுக்கியவள் நான்.
குளிரும் சுடும்.
ஓடிவந்து அவரைத் தாண்டுகிறாள்.
திரும்பிவந்து தாண்டுகிறாள்.
ஐந்தாம் முறை தாண்டாமல் நின்று
அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள்.
பாட்டு கிடையாது. எங்கோ எஞ்சின் முனகல் மட்டும்.

முதல் சுற்றில் என் தீர்ப்பு:
இதற்கா நம் வரிப்பணம்.

இரண்டாம் சுற்றில் கைகளைப் பார்த்தேன். தொழில் புத்தி.
அவள் பின்னால் சாயச் சாய
அவர் எழுந்துகொண்டே வருகிறார்.
இழுக்கவில்லை. தூக்கவும் இல்லை.
இருவருக்கும் நடுவில்
மழைக்கோட்டின் ஒரு கை மட்டும்
கம்பிவடம்போல விறைத்து நிற்கிறது.

இருபத்தாறு வருஷமாக
இதைத்தானே கிரீஸ் பூசித் துடைக்கிறேன்.
மோட்டார்தான் தூக்குகிறது என்று நினைக்கிறார்கள் ஜனங்கள்.
பாதிக்கு மேல் பொய்.
சுவருக்குப் பின்னால் இருட்டுப் பள்ளத்தில்
ஒரு இரும்புக் குவியல் இறங்குகிறது,
அதனால் நீங்கள் ஏறுகிறீர்கள்,
கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு.

மூன்றாம் சுற்று. எய்விந் இன்னும் வரவில்லை.
இப்போதுதான் கண்ணில் பட்டது:
முழுக்கச் சாய்ந்திருக்கும்போது
அவளுடைய இடது முழங்கால் நடுங்குகிறது.
ஆட்டத்தில் சேர்ந்ததல்ல அது, சத்தியமாக.
வெட்டி எறிந்திருக்கலாம்.
விட்டுவைத்திருக்கிறார்கள்.

அவர் கையை விடுகிறார்.
அவள் விழுந்தாளா என்று காட்டுவதில்லை.
கப்பலின் முன்கதவு திறக்கிறது, அவ்வளவுதான்,
சாம்பல் வெளிச்சம் தளத்தில் ஏறிவருகிறது.
கிளட்ச்சில் கால் வைத்து
நூறு தடவை பார்த்த கதவு.
ஒரு தடவையும் பார்த்ததில்லை.

"எப்படி இருந்தது?" என்றாள் மேசைப் பெண்.
இல்வா என்று சட்டையில் எழுதியிருந்தது.
"முழங்கால் நன்றாக இருந்தது" என்றேன்.
அவள் தலையாட்டினாள்,
எல்லாரும் அதையே சொல்வதுபோல.

எய்விந் கொண்டுவந்த ரிலே வேறு அளவு.
லிஃப்ட் இரவெல்லாம் அங்கேயே தொங்கியது.

வீட்டில் ஹல்வார்ட், இடுப்பு மாற்றி மூன்று வாரம்.
தினமும் சோபாவிலிருந்து அக்குளில் கைகொடுத்து இழுப்பேன்,
அவர் கத்துவார், நான் பதிலுக்குக் கத்துவேன்,
அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

அன்றைக்கு எதிரே போய் நின்றேன்.
அவருடைய ஸ்வெட்டர் கையைப் பிடித்து
மெல்லப் பின்னால் சாய்ந்தேன்.
"என்ன பண்ணுகிறாய்?"
"பேசாதீர்கள். நான் இறங்குகிறேன்."

அரையடி எழுந்தார்.
முக்காலடி.
பிறகு கம்பளி நூல் விட்டுக்கொடுத்தது,
நான் தரையில், அவர் மறுபடி சோபாவில்,
ஸ்வெட்டர் கை மட்டும் ஒன்றரை மடங்கு நீளமாக.

படத்தில் இந்த இடம் இல்லை.